முதல் வெடிக்குப் படுக்கும் வழக்கம்

மாமா எந்த வேலைக்குப் போனாலும் மூன்றாம் நாளே அந்த இடம் அவருடைய இராச்சியமாகிவிடும். கனடாவுக்கு வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அந்த வாரக் கடைசியில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அவர் பேசியதைக் கேட்டிருந்தால், உணவகத்தின் முதலாளி மாமாவைக் கேட்காமல் ஒரு கரண்டியைக்கூட நகர்த்துவதில்லை என்றே நினைத்திருப்பீர்கள். பிறகு ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். அங்கேயும் அதே கதைதான். ஆகவே தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், இங்கிலாந்து அரச குடும்பத்தோடு தொடர்புள்ள ஒரு வேலை தனக்குக் கிடைத்திருக்கிறது என்று அவர் வந்து சொன்னபோது, அப்பா சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

மாமா அம்மாவின் தம்பி. நாங்கள் அப்போது ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கத்து மாடிக் கட்டடம் ஒன்றின் பதினோராம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். வரவேற்பறைச் சோபாவில் மாமா. மாமியும் கைக்குழந்தையும் கொழும்பில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து, மாமா கூப்பிடும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். எனக்குப் பத்து வயது. நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து மூன்று வருடம் கழித்துத்தான் மாமா வந்து சேர்ந்தார். அந்த மூன்று வருடச் சண்டைக் காலத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்து மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்.

வேலை கிடைத்த விதம் இதுதான். காலையில் ஒரு வான் வண்டி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வடக்கே ஸ்ரௌவ்வில் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகும். இப்போது வரிசை வரிசையாக வீடுகள் நிற்கும் இடமெல்லாம் அப்போது வெங்காயமும் சோளமும்தான். மாமா வெங்காய நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் காணிக்காரரான ஒரு வயதான வெள்ளைக்காரர் வேலியருகே வந்து, உங்களில் யாருக்காவது பறவை வளர்க்கத் தெரியுமா என்று கேட்டாராம். மாமா உடனே கையை உயர்த்தினார். ஊரில் தன்னிடம் பெரிய கோழிப் பண்ணை இருந்தது என்றும் சொல்லிவைத்தார்.

"எட்டுக் கோழி," என்றார் அம்மா. "அதுவும் என்ரை கோழி. இவர் முட்டை மட்டுந்தான் சாப்பிட்டவர்."

மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வயதானவரை மாமா எப்போதும் "கிழவர்" என்றுதான் சொல்வார். ஆனால் 'ர்' விகுதியில் அவர் வைத்த அழுத்தத்தில் மரியாதை முழுவதும் அடங்கியிருக்கும். கிழவர் பிறந்தது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நோர்போக்கில். அங்கே அரச குடும்பத்துக்குப் பெரியதொரு பண்ணை நிலமும் மாளிகையும் உண்டு. ஒவ்வொரு குளிர்காலமும் அவர்கள் அங்கே வந்து பறவை சுடுவார்கள். தாத்தா சுட்ட இடத்தில் தகப்பன் சுடுவார், தகப்பன் சுட்ட இடத்தில் மகன் சுடுவார். கிழவரின் தகப்பன் அந்தப் பண்ணையில் பறவைகளைப் பராமரித்த காவலாளிகளில் ஒருவர். கிழவரும் சிறு வயதில் அங்கே வேலை செய்தவர். பிறகு இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போய், அது முடிந்ததும் கப்பலேறிக் கனடாவுக்கு வந்து, காணி வாங்கி, அதே பறவைகளை வளர்த்து, அதே முறையில் சுட விரும்பும் நகரத்துப் பணக்காரர்களுக்குக் காசுக்கு விட்டார். 'அரச முறைப்படி' என்பதுதான் அவருடைய விளம்பரம்.

பறவையின் பெயர் பெசன்ற். சேவலைப் போன்றது, ஆனால் வால் ஒரு முழ நீளம். கழுத்து மயிலின் கழுத்தை ஞாபகப்படுத்தும். வைகாசியில் குஞ்சுகள் பொரித்ததிலிருந்து மாமா அவற்றுக்குத் தீன் வைத்தார், தண்ணீர் வைத்தார், நரி வராமல் கம்பி வலை கட்டினார். பின்னேரங்களில் வீட்டுக்கு வந்து அரச முறையை எங்களுக்குப் போதித்தார். சுடுகிறவர்கள் எட்டுப் பேர். யார் எங்கே நிற்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிப்பார்கள். அரசரே வந்தாலும் தன் சீட்டின் எண் எழுதி நட்ட இலக்கத்தடியருகேதான் நிற்க வேண்டும். கழுத்துப்பட்டி கட்டாமல் துவக்கைத் தொடக்கூடாது. பறவை உயரப் பறந்தால் மட்டுமே சுடலாம், தாழப் பறக்கும் பறவையைச் சுடுகிறவன் மனிதனில்லை. அந்தக் காலத்து அரசர் ஒருவர், வெளிச்சம் இருக்கும்போதே அதிக நேரம் சுட வேண்டும் என்பதற்காக அந்த மாளிகையின் மணிக்கூடுகளை எல்லாம் அரை மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்திருந்தாராம்.

"மணிக்கூட்டைத் தள்ளி வைச்சால் சூரியன் கேக்குமே?" என்றார் அப்பா.

"அரசர் சொன்னால் கேக்கும் அத்தான்," என்றார் மாமா.

அப்பா ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நிற்பவர். அங்கே மணிக்கூடு யாருக்காகவும் நகர்ந்ததில்லை.

ஐப்பசி மாதம் சுடும் பருவம் தொடங்கியது. இதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்: முதல் இரண்டு சனிக்கிழமைகளும் மாமா அந்தக் காணியில் இருக்கவில்லை. தீன் மூட்டை வாங்க வேண்டும் என்று காலையிலேயே கிழவரின் பிக்கப்பை எடுத்துக்கொண்டு தூரத்து ஊர் ஒன்றுக்குப் போய், எல்லாம் முடிந்த பிறகு திரும்பியிருக்கிறார். நாள் எப்படிப் போனது என்று நாங்கள் கேட்டபோது மட்டும், ஒவ்வொரு வெடியையும் பக்கத்தில் நின்று பார்த்தவரைப் போலச் சொன்னார்.

மூன்றாவது சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு சிக்கல் வந்தது. பறவைகள் தாமாக எழுந்து பறப்பதில்லை. சோளப் பயிருக்குள் மறைந்திருக்கும். எட்டுப் பேர் வரிசையாகத் தடியால் தட்டிக்கொண்டு நடந்து அவற்றைக் கலைத்து, அந்தப் பக்கம் துவக்கோடு நிற்பவர்களின் தலைக்கு மேலாகப் பறக்க வைக்க வேண்டும். அந்த வேலைக்கு வழக்கமாக வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அன்று ஏதோ போட்டி. கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாராம். மாமா, "என்னிடம் ஆட்கள் இருக்கிறார்கள்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கிழவரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அன்று வரும் விருந்தினர் முக்கியமானவர்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனால் பருவம் முழுவதையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அப்படி நடந்தால் மாமாவைக் குளிர்காலத்திலும் நிறுத்தி, நிரந்தர வேலை என்று கடிதம் தருவார். மாமியைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தவர், அப்படி ஒரு கடிதம் இருந்தால் நல்லது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். இவ்வளவையும் மாமா ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"நான் வாறன்," என்றார் அம்மா. "உவள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறன். எங்கை விடுறது."

அப்பாவைக் கேட்கவே இல்லை. அவரும் வந்தார். வெங்காயத் தோட்டத்து ஆட்கள் நான்கு பேர். மாமாவோடு எட்டு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒத்திகை நடந்தது. தும்புத்தடி, குடை, அகப்பை என்று கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு குசினியிலிருந்து பல்கனி வரை வரிசையாக நடந்தோம். ஓடக்கூடாது, வரிசை குலையக்கூடாது, முதல் கொம்புக்கு நடக்க வேண்டும், அடுத்த கொம்புக்கு நிற்க வேண்டும். "வெடிச் சத்தம் கேக்கும்," என்று மாமா மூன்று தரம் சொன்னார். "உது விளையாட்டு வெடி. ஒருத்தரும் பயப்பிடக்கூடாது." மூன்று தரமும் என்னையும் அம்மாவையும் பார்த்தே சொன்னார். பிரஷர் குக்கர் விசிலடித்தாலே அம்மா கையிலிருக்கும் அகப்பையைப் போட்டுவிடுவார். ஆகவே எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

காலையில் நாங்கள் போய் இறங்கியபோது புல்லெல்லாம் வெள்ளைப் பனி. கிழவர் ஒல்லியாக, உயரமாக, காது மட்டும் சிவந்து நின்றார். ஒரு கறுப்பு நாய் அவருடைய காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. எங்கள் எட்டுப் பேருக்கும் சிவப்பு நாடா சுற்றிய தொப்பி தந்தார். தன் தகப்பன் காலத்தில் அங்கே அப்படித்தான் என்றார். எனக்குத் தந்த தொப்பி மூக்கு வரை இறங்கியது. அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் பழைய ஜக்கெற்றும், காலில் பனிச் சப்பாத்தும், தலையில் அரச தொப்பியுமாக நின்றார். விருந்தினர்கள் தடித்த கம்பளிக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்து இறங்கினார்கள். எங்களைக் கண்டு அவர்கள் கொஞ்சம் தயங்கியதைப் பார்த்த கிழவர், அரச பண்ணையிலும் ஊர்க் குடும்பங்கள்தான் தாய் தகப்பன் பிள்ளையென்று வந்து பறவை கலைப்பது வழக்கம் என்று விளக்கினார். அவர்களுக்குத் திருப்தி. ஒரு பெண்மணி எனக்கு ஒரு பிஸ்கற் தந்தார்.

வெட்டாமல் விட்டிருந்த சோளப் பாத்தியின் ஒரு கரையில் நாங்கள் வரிசையாக நின்றோம். காய்ந்த சோளத் தடிகள் என்னைவிட உயரம். மறு கரையில், பள்ளத்துக்கு அப்பால், விருந்தினர்கள் இலக்கத்தடிகளருகே நின்றார்கள். மாமா எங்களுக்கு நடுவில் நின்றார். கொம்பு ஊதியது. நடந்தோம்.

அந்த நடையின் முதல் ஐந்து நிமிடத்தைப்போலச் சந்தோசமாக நான் கனடாவில் அதற்கு முன் இருந்ததில்லை. தட்டிக்கொண்டு நடக்கலாம். சத்தம் போடலாம், எங்கள் கட்டடத்தில் சத்தம் போட்டால் கீழ்வீட்டுக்காரர் சுவரில் இடிப்பார். எனக்கு முன்னால் சோளத்தின் அடியில் நீண்ட வால்கள் ஓடுவது தெரிந்தது. "வரிசை, வரிசை," என்று மாமா இரண்டு பக்கமும் திரும்பிக் கட்டளையிட்டுக்கொண்டே வந்தார். அப்பாகூட "ஹோய்" என்று ஒரு சத்தம் போட்டார். அப்பாவின் அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை.

பாத்தி முடியும் இடத்தில் முதல் பறவை எழுந்தது. தகரத்தை உதறினாற்போல ஒரு சிறகடி. பிறகு இரண்டு, பிறகு பத்து, இருபது. அப்போது வெடி கேட்டது. முதலில் ஒன்று, பிறகு எட்டுத் துவக்கும் சேர்ந்து.

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். மாமா நின்ற இடத்தில் மாமா இல்லை.

அடுத்ததாக வெங்காயத் தோட்டத்து ஆட்கள் இல்லை. அப்பா இல்லை. அம்மாவின் கை என் பிடரியில் விழுந்தது. அடுத்த கணம் நான் மண்ணில் முகம் புதையக் கிடந்தேன். அம்மாவின் பாதி உடம்பு எனக்கு மேலே. "வாயைத் திறந்து வைச்சிரு பிள்ளை," என்று அம்மா காதுக்குள் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே என் வாய் திறந்துதான் இருந்தது. இரண்டு விரல்களும் காதுக்குள் இருந்தன. ஊரில் பதுங்குகுழிக்குள் படித்த பாடம். ஆறு வயதோடு மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குச் சோளத்துக்கு ஊடே அசைந்துகொண்டு வந்த எட்டுச் சிவப்புத் தொப்பிகளும் ஒரே நேரத்தில் காணாமல் போயிருக்கின்றன. வெடி நின்றுவிட்டது. எஞ்சிய பறவைகள் திரும்பி எங்களுக்கிடையில் ஓடின. ஒன்று என் கையில் ஏறி மிதித்துக்கொண்டு போனது. கொம்பு ஊதியது. யாரோ பெரிய குரலில் கத்தினார்கள். யாருக்காவது பட்டுவிட்டதா என்று கேட்டுக் கத்தினார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒவ்வொருவராக எழுந்தோம். அப்பா முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். மாமா மட்டும் எழவில்லை. அம்மா அவரிடம் போனார். நானும் பின்னால் போனேன். மாமா குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்து வைத்திருந்தார். தொப்பி தூரத்தில் கிடந்தது.

"தம்பி, எழும்பு. ஒண்டுமில்லை," என்றார் அம்மா.

மாமா முகத்தைத் தூக்காமலே கேட்டார்: "ஹெலி போயிட்டுதே அக்கா?"

ஊரில் சுட்டுக்கொண்டு வரும் ஹெலிகொப்ரர் இங்கே ஏது? மாமா பகிடி விடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினார்.

சோளத்தை விலக்கிக்கொண்டு கிழவர் வந்தார். அந்த வயதில் ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. மாமாவைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாக. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு மூட்டாக மடித்து மாமாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார். ஆங்கிலத்தில் ஏதோ தணிந்த குரலில் சொன்னார். அவருடைய கை மாமாவின் முதுகில் இருந்தது. மாமா பிடரியிலிருந்து ஒரு கையை எடுத்தார்.

அதற்குள் விருந்தினர்களில் ஒருவர், முகம் வெளிறிப்போய், பாத்தியின் கரைக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது, யாருக்கு என்ன என்று கேட்டார். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருந்த நேரம் நீளமானது. மாமியைக் கூப்பிடுவதற்கான கடிதம் அந்த நேரத்துக்குள்தான் இருந்தது என்பதை அம்மா அறிந்திருந்தார். அவருடைய கை என் தோளை இறுக்கியதில் எனக்கு நொந்தது.

கிழவர் எழுந்து நின்று, தொப்பியைத் திரும்ப வைத்துக்கொண்டு, சாதாரணமான குரலில் சொன்னார். எனக்கு அப்போது ஆங்கிலம் நன்றாக விளங்கும். அவர் சொன்னது இது: தவறு தன்னுடையது, விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அரச பண்ணையில், முதல் வெடி கேட்டதும் பறவை கலைக்கிறவர்கள் எல்லோரும் நிலத்தில் படுத்துவிட வேண்டும். கொம்பு ஊதும்வரை எழக்கூடாது. அப்போதுதான் பின்னே நிற்கும் பறவைகள் மிரளாமல் அடுத்த முறைக்கு மிஞ்சும். பழைய வழக்கம். இந்த நாட்டில் யாரும் அதை ஒழுங்காகச் செய்து தான் பார்த்ததில்லை. இன்று இவர்கள்தான் செய்து காட்டியிருக்கிறார்கள்.

விருந்தினர் எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் நிறம் திரும்பியது. "அற்புதம்," என்றார். திரும்பிப் போய் மற்றவர்களுக்கும் சொன்னார்; அவர்கள் தலையாட்டுவது தெரிந்தது.

மாமா எழுந்து உட்கார்ந்தார். கன்னத்தில் மண். கிழவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். கிழவர் நாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா எழுந்து, தொப்பியைத் தேடி எடுத்துத் தட்டி, தலையில் வைத்து, எங்கள் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

"முதல் வெடிக்குப் படுக்க வேணும். ராச குடும்பத்து வழக்கம். நான் உங்களுக்குச் சொல்ல மறந்துபோனன்."

"ஓம், நீ சொல்லேல்லைத்தான்," என்றார் அம்மா. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"பரவாயில்லை மச்சான்," என்றார் அப்பா. "எங்களுக்குத் தானாய் வந்திட்டுது."

அன்று இன்னும் மூன்று முறை பறவை கலைத்தோம். இரண்டாம் முறை கிழவரே ஒரு தடியை எடுத்துக்கொண்டு வந்து மாமாவுக்கு அருகில் வரிசையில் நின்றார். முதல் வெடி கேட்டதும் ஒன்பது பேரும் படுத்தோம். கிழவர் படுப்பதற்கு எடுத்த நேரத்தில் வெடி பாதி முடிந்துவிட்டது. எழும்போது அப்பா கைகொடுத்துத் தூக்கினார். மூன்றாம் முறை மாமா மெதுவாகப் படுத்தார், முழங்கையை ஊன்றிக்கொண்டு. நான்காம் முறை அவர் படுக்கவே இல்லை. ஒரு முழங்காலில் குந்தி, தடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் நான்கு முறையும் மூக்கு மண்ணில் படும்படி ஒழுங்காகப் படுத்தவள். கொம்பு ஊதியதும் எழுந்து போய், "மாமா, நீங்கள் முழுக்கப் படுக்கேல்லை. வழக்கம் பிழைச்சுப் போச்சு," என்றேன்.

மாமா சிரித்தார். அன்று முதன்முதலாகச் சிரித்தார். "அடுத்த முறை சரியாய்ச் செய்யிறன் பிள்ளை. கிழவருக்குச் சொல்லிப் போடாதை," என்றார்.

பின்னேரம், விழுந்த பறவைகளைப் புல்லில் வரிசையாக அடுக்கி வைத்தார்கள். விருந்தினர்கள் வந்து எங்கள் எட்டுப் பேருக்கும் கைகொடுத்தார்கள். பறவை கலைத்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு சோடி கொடுப்பதும் அரச முறைதான். ஒரு சேவலும் ஒரு பேடும் கழுத்தில் கயிறு கட்டி எனக்கும் கிடைத்தது. தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனேன். பருவம் முழுவதையும் விருந்தினர்கள் எடுத்துக்கொண்டார்கள். வான் வண்டியில் ஏறும்போது மாமா அதை எங்களுக்குச் சொல்லவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, இரண்டு முறை மூக்கைத் துடைத்தார். வெளியே குளிர் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்கு எட்டுப் பறவைகள் வந்தன. அடுத்த நாள் கந்தசஷ்டி விரதம் தொடங்கியது. அம்மா ஆறு நாளும் பால் பழம்தான். வீட்டில் மச்சம் மாமிசம் சமைக்க முடியாது. ஆனால் கிழவர் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார், இந்தப் பறவையை ஒரு கிழமை குளிரில் தொங்கவிட்டுத்தான் சமைக்க வேண்டும், அரச மாளிகையிலும் அப்படித்தான் என்று. "வெள்ளைக்காரன்ரை கணக்கும் முருகன்ரை கணக்கும் சரியாய் வருது," என்றார் அம்மா. பதினோராம் மாடிப் பல்கனியில், உடுப்புக் காயவிடும் கயிற்றில், எட்டுப் பெசன்ற் வாலோடு ஆடிக்கொண்டிருந்தன. நான்காம் நாள் கட்டடத்து மேற்பார்வையாளர் வந்து கதவைத் தட்டினார். மாமா அவருக்கும் அரச முறையை விளக்கி, ஒரு சோடியைக் கொடுத்து அனுப்பினார்.

விரதம் முடிந்த அடுத்த நாள் மாமாவே சமைத்தார். யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு, தேங்காய்ப் பால் விட்டு, அடுப்பில் மூன்று மணித்தியாலம். கறியின் மணம் லிப்ட் வரைக்கும் போனது. அப்பா ஒரு துண்டைக் கடித்தபோது பல்லில் டக்கென்று ஏதோ பட்டது. எடுத்துப் பார்த்தால் கடுகளவு ஈயக் குண்டு. கோப்பையின் ஓரத்தில் வைத்தார். எல்லோரும் ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மாமா, "இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டே அத்தான்?" என்று கேட்டார். அப்பா கோப்பையை நீட்டினார்.

கடிதம் கிடைத்தது. அடுத்த வருடம் மாமியும் பிள்ளையும் வந்தார்கள். விமான நிலையத்துக்குக் கிழவரும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமா அந்தக் காணியில் பதினொரு வருடம் வேலை செய்தார். நான் ஐந்தாம் வகுப்பில் அரச குடும்பத்து வேட்டை வழக்கங்கள் என்று ஒரு கட்டுரை எழுதினேன். அதில் முதல் வெடிக்குப் படுக்கும் வழக்கத்துக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். ஆசிரியை அந்தப் பக்கத்தின் ஓரத்தில், இது எனக்கு இதுவரை தெரியாது என்று எழுதி ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தார்.

பிறகு எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். இங்கிலாந்து அரச குடும்பத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், எனக்கென்று ஒரு தகவல் கையில் இருந்தது. எனக்கு முப்பது வயது தாண்டிய பிறகு, நான் வேலை செய்யும் இடத்துக்கு ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். நோர்போக்குக்காரர். அவருடைய பாட்டனும் சிறுவயதில் அதே பண்ணையில் பறவை கலைத்தவராம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் பெருமையோடு தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அங்கே வெடிக்கு நடுவில் யாராவது நிலத்தில் படுத்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்றார். அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் இல்லை, இருக்கவும் முடியாது என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரௌவ்விலில் மாமா புதிதாக வாங்கிய வீட்டுக்குப் போனேன். மாமா பின்வளவில் தக்காளிக் கன்றுகளுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கம்பை மண்ணில் இறுக்கி முடித்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை," என்றார் பிறகு. "ஆறு மாசம் அந்தக் கிழவரோடை நிண்டனான். எல்லா வழக்கத்தையும் ஒண்டும் விடாமல் சொன்ன மனிசன். உதை மட்டும் மறப்பாரே?"

"அம்மாவுக்கு?"

"கொம்மாவுக்குத் தெரியாமல் என்ன இருக்கு. கொப்பருக்கும் தெரியும். அந்த நாலு பெடியளுக்கும் தெரியும். வானுக்குள்ளை ஒருத்தரும் கதைக்கேல்லையே, கவனிச்சனியோ?"

"பிறகு கிழவரிட்டை ஒரு நாளும் கேக்கேல்லையோ?"

"அவர் சொல்லேல்லை, நான் கேக்கேல்லை," என்றார் மாமா. "ஆனால் வந்தவங்கள் விடேல்லை. ஒவ்வொரு வருசமும் புது ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து, படுக்கச் சொல்லிக் கேட்டவங்கள். கிழவர் சாகும்வரைக்கும் அந்த வழக்கம் அங்கை நடந்தது."

அவர் அடுத்த கன்றுக்குப் போனார். நான் அங்கேயே நின்றேன்.

நான்கு முறை நாங்கள் அந்தச் சோளப் பாத்தியில் குப்புறப் படுத்தோம். மண் குளிர்ந்து கிடந்தது. எனக்கு இடப்பக்கம் அம்மா, வலப்பக்கம் அப்பா, அதற்கப்பால் வெங்காயத் தோட்டத்து ஆட்கள். நடுவில் மாமா, இரண்டாம் முறை அவருக்குப் பக்கத்தில் மூட்டு வலியோடு எழுபது வயதுக் கிழவர். எல்லோரும் எவ்வளவு ஒழுங்காக வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று தொப்பியின் விளிம்புக்குக் கீழாகப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். அவர்கள் எல்லோருக்கும் தாங்கள் யாருக்காகப் படுத்திருக்கிறோம் என்று தெரிந்திருந்தது. அங்கே அரசருக்காகப் படுத்திருந்தவள் நான் ஒருத்திதான்.